பெரிலின் கை

கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போகிற வருகிற வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நடுரோட்டுக்குப் போய் நின்றுகொள்வார் பெரில். இடது கையில் 'நில்' என்று எழுதிய வட்டத் தகடு பொருத்திய கம்பு. வலது உள்ளங்கை நேராக நீண்டிருக்கும். மான்செஸ்டர் போகிற லாரி உறுமிக்கொண்டே நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடப்பார்கள். கடைசிப் பிள்ளையின் கால் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிவிட்டதா என்று தோளுக்கு மேல் ஒருமுறை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அந்தக் கை இறங்கும். யாராவது ஹாரன் அடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறக்குவார்.

கம்பும் வட்டமும் சேர்ந்து பார்க்கக் குச்சிமிட்டாய் மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அவர் குச்சிமிட்டாய்க்காரம்மா. என் மருந்துக்கடை அதே முனையில்தான். மஞ்சள் சட்டையும், வாயில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாயுமாக அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் இந்த ஊரில் என் தலை நரைத்தது. "பாதி ரோட்டுல நிக்காத கண்ணு. இறங்கிட்டியா, கடந்துடணும்" என்பார். என் மகளிடமும் அப்படித்தான் சொன்னார். எங்கள் ஊரில் மீசை முளைத்த ஆண்களில் பாதிப் பேர் அந்தக் கைக்குக் கீழே நடந்து போனவர்கள். கறிக்கடை கேரி என்ட்விசில் இப்போது வயிறு தள்ளிய பெரிய மனிதர். பெரிலைக் கண்டால் மட்டும் வழக்கத்துக்கு மேல் ஒரு தொத்திறைச்சியைப் பொட்டலத்தில் போட்டுவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பை வீட்டில் வைத்துவிட்டு, அதே மஞ்சள் சட்டையோடு கால்பந்து மைதானத்துக்கு வந்துவிடுவார். முன்வரிசையில் என் பக்கத்து இருக்கை அவருடையது. அங்கே அவர் வேறு ஆள். எதிரணிக் கோல்கீப்பரை அவர் அழைக்கும் பெயர்களை இந்தப் பத்திரிகை அச்சிடாது. சொந்த அணிக்கும் சலுகை கிடையாது. இடதுபுறத் தடுப்பாட்டக்காரன் டோபி அடெலெக்கே எங்கள் ஊரில் பிறந்த கறுப்பினப் பையன், பெரில் ரோடு கடத்திவிட்ட பிள்ளை. அவனுக்குத்தான் அதிக வசவு. "டேய் டோபி! பந்த வாங்கி வச்சுக்கிட்டு என்னடா யோசன? முட்டையா போடப் போற?"

நிறத்தைச் சொல்லி ஏசுவதை எதிர்த்து ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் ஒற்றைக்காலில் மண்டியிடத் தொடங்கியபோது பெரிலுக்கு அது பிடிக்கவில்லை. "ஆட வந்தா ஆடுங்கடா. எதுக்கு இந்தக் கூத்து?" என்று முணுமுணுத்தார். பிறகு அணிக்காரர்களே பேசி அதை விட்டுவிட்டார்கள். டோபி மட்டும் விடவில்லை. எல்லோரும் கையை உதறிக்கொண்டு நிற்க, அவன் மட்டும் எங்கள் பக்கக் கோட்டோரம் முழங்காலை ஊன்றுவான். எங்களுக்குப் பின்னாலிருந்து 'ஊ' என்று கூச்சல் கிளம்பும். முதலில் நாலைந்து பேர். வாரத்துக்கு வாரம் அது தடித்தது. ஒருநாள் ஒரு குரல், "போய் உங்க ஊர்ல மண்டி போடுடா!" என்றது. அவன் ஊர் இதுதான். எனக்குக் காது மடல் சுட்டது. அவனை வைக்கும் இடத்தில்தானே நிறம் வேறான என்னையும் வைப்பார்கள். பெரில் திரும்பவில்லை. மிட்டாயை மெல்லுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தேன். டோபியின் அம்மா ஃபன்கே சின்ன மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தவள், நடுரோட்டிலேயே பெரிலிடம் நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, சொந்த ஜனமே கூச்சல் போடுதுன்னு புள்ள ராத்திரி சாப்பிடல. இந்தச் சனிக்கிழமையும் கத்துனா இதோட விட்டுடறேம்மாங்கறான். மண்டிய இல்ல ஆன்ட்டி, ஆட்டத்தையே. மண்டி போடறத விட்டுடுடான்னு நானே சொல்லிடட்டா?"

பெரிலின் கை நீண்டபடியே இருந்தது. ஒரு பஸ் காத்துக்கொண்டிருந்தது.

"அவன் இறங்கிட்டாம்மா. பாதியில திரும்புனாத்தான் அடிபடுவான்."

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இருய்யா, பேசிக்கிட்டு இருக்கோம்ல!"

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் மழை, பெய்வதே தெரியாமல் ஆளை நனைக்கும் ரகம், பெய்துகொண்டிருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தார். டோபி முழங்காலை ஊன்றினான். தலை குனிந்திருந்தது. பின்னால் கூச்சல் கிளம்பியது.

பெரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு மூட்டு வலி. மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் ஆட்டத்துக்கு முதுகு காட்டி நான் பார்த்ததில்லை. வலது கை நேராக நீண்டது.

"கேரி என்ட்விசில்! வாய மூடு!"

பின்வரிசையில் கேரியின் வாய் திறந்தபடியே நின்றது.

"மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன உன்னையும் நான்தான் கடத்தி விட்டேன். அவனும் அதே ரோட்டத்தான் கடந்தான். மட்டமா ஆடுனா நானே திட்டுறேன், நீங்களும் சேந்து திட்டுங்க. இதுக்கு எவனும் கத்தக்கூடாது."

"பெரில், இது ஃபுட்பாலு. உன் ரோடு இல்ல."

"என் கை இறங்கிடுச்சா?"

கேரி அந்தக் கையைப் பார்த்தார்.

"இறங்கல இல்ல? அப்ப நில்லு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேரியின் முகம் அவர் கடையில் தொங்கும் இறைச்சி நிறத்துக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தால் நின்றுவிடுவது அவர்கள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். தூரத்து மூலையில் சிலர் இன்னும் கத்தினார்கள். ஆனால் அது பசியில் அழும் பூனைச் சத்தம் அளவுக்குத்தான் கேட்டது. நான் கைதட்டத் தொடங்கினேன். பக்கத்து வரிசைகளும் தட்டின.

டோபி தலையை நிமிர்த்தினான். கூச்சல் ஏன் நின்றது என்று தேடியவன் கண்ணில் அந்த மஞ்சள் முதுகு பட்டிருக்க வேண்டும். அவசரமாக எழவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரமே முழங்காலில் இருந்தான். நடுவரும் அவசரப்படுத்தவில்லை. மழை பெரிலின் நீட்டிய கையில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கை ஆடவில்லை.

அவர் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டோபி எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அப்புறம்தான் கையை இறக்கினார்.