சஹ்லப் கலந்த பாடம்

கோணிக்குள் கிடக்கும் ஐஸ் பாளத்தை நுஹாத் கட்டையால் நொறுக்குகிறாள். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் காது கொடுத்துக் கேட்பாள். டமாஸ்கஸின் மைதான் பகுதியில் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவள். கம்ப்ரஸரையும் இப்படித்தான் கேட்பாள். பேச்சு குறைவு. "ம், ஓடுது" என்றால் அது பெரிய பாராட்டு.

தொடக்கப் பள்ளியில் ஐஸ்கிரீம் செய்து காட்டி, உறைதலையும் உருகுதலையும் நடத்திவந்தவர் அவளுடைய அப்பா. இந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்த தலைமையாசிரியை இந்திஸாரிடம், அந்த வகுப்பை இனி தான் எடுப்பதாக நுஹாத் சொன்னாள்.

"ஒரு தடவ பாக்கறேன், கண்ணு. பிள்ளைங்களுக்குப் புரியலன்னா அந்த நேரத்தக் கணக்குப் பாடத்துக்குக் குடுத்துடுவேன்."

வகுப்பில், வாளி நிறைய நொறுக்கிய ஐஸ், நடுவே பால் தூக்கு. சுற்றிலும் கல்லுப்பைத் தூவினாள்.

"உப்பு பட்டா ஐஸ் உருகும். உருகறதுக்குச் சூடு வேணும். அத யார்கிட்ட பிடுங்கும்? பால்கிட்ட."

"அப்ப ஐஸ் திருடனா, ஆனிசே?" என்றாள் முன்வரிசை லமீஸ். அங்கே ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஆமா. சத்தம் போடாத திருடன்."

பால் உறைந்தது. உலக்கையால் இடித்துத் திரட்டினாள். இனி உருகுதல். ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து, வெயில் விழும் ஜன்னலில் வைத்தாள். பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உருண்டை அசையவில்லை. ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"உங்கள மாதிரியே இருக்கு, ஆனிசே. வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"உங்க பாபா செஞ்சது ஓடி வழியும்னு எங்க அக்கா சொன்னா" என்றாள் லமீஸ்.

நுஹாதுக்கு அப்போதுதான் உறைத்தது. வகுப்புக்கு அப்பா வெறும் பாலும் சர்க்கரையும்தான் கொண்டுபோவார். இவளோ அவர் பெயர் கெடக் கூடாதென்று, பெருநாளுக்கு வீட்டில் அவர் செய்வதுபோல் நல்ல சஹ்லப் கிழங்கு மாவும் மஸ்தகிப் பிசினும் சேர்த்திருந்தாள். சஹ்லப் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எளிதில் வழிய விடாது. தெரிந்த விஷயம்தான். அடுப்படியில் நினைவுக்கு வரவில்லை.

இந்திஸார் வாசலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நுஹாத் தட்டை ஜன்னலிலிருந்து எடுத்தாள். "கைய நீட்டுங்க." தூக்கிலிருந்து எடுத்து, ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு துண்டு வைத்தாள். "தின்னக் கூடாது. மூடிக்கோ."

"ஐயோ, கடுக்குது!"

"கை ஏன் குளிருது? அதுல இருந்த சூடு எங்க போச்சு?"

லமீஸ் புருவத்தைச் சுருக்கினாள். விரல் இடுக்கில் பால் கசிந்தது. "இதுக்குள்ள! என் சூட்ட எடுத்துட்டுத்தான் உருகுது!"

வகுப்பே கையை நக்கிக்கொண்டு கத்தியது. இந்திஸார் உள்ளே வந்து தன் கையையும் நீட்டினார். "எனக்கும் வை. அடுத்த தடவ சஹ்லப் போடாத."

"போடணும்!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம்.

நுஹாத் தனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். தின்னவில்லை. பிள்ளைகள் கைகழுவக் குழாயடிக்கு ஓடிய பிறகும், மூடிய விரல்களை அவள் திறக்கவில்லை.