பின்பக்கத்து முடிச்சு

அந்த மேஜை விரிப்பை அவர் திருப்பிப் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் இருந்தோம். அம்மா, அக்கா, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த அத்தை, நான். எதிரில் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அம்மாவும். அப்பா இல்லை. வந்தவர்களுக்குப் பன்னீர் சோடா வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தார். பெண்ணைப் பெற்றவர் அந்த நேரத்தில் எழுந்து போகலாமா என்று அத்தை கண்ணாலேயே தடுத்தார். அப்பா கவனிக்கவில்லை. வெயிலில் வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது பாவம் என்பது அவர் கட்சி.

எங்கள் வீடு சாரம் பகுதியில் ஒரு குறுகலான சந்தில் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் லாஸ்பேட்டையில் கல்லூரி இரண்டாம் வருஷம். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை பார்த்தவன் நான்தான். அக்கா எட்டாவதோடு நின்று, துணிக்கடையில் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை துவைப்புக்குச் சாயம் நிற்கும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஊசி அவள் கைக்குப் படியாது. பட்டன் அறுந்தால் சட்டையை அப்பாவிடம்தான் நீட்டுவாள்.

அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். விடியற்காலை போனால் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்புவார். கிழிந்த மூட்டைகளுக்கு வாய் தைப்பதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான். கோணி ஊசியை அவர் ஏற்றி இறக்குவதைப் பார்த்தால், மூட்டை தானே வாயை மூடிக்கொள்வது போல இருக்கும். நான் நான்காவது படிக்கும்போது அடுக்கிய மூட்டைகள் சரிந்து அவர் கால் முறிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. பக்கத்து வீட்டில் ஒருவர் கூலிக்கு எம்பிராய்டரி போடுவார். சும்மா கிடந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துச் சலித்துப்போய், துணியை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பழைய ரிங்கையும் ஊசியையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டுப் போனார். கட்டைப் பிரித்த பிறகும் ரிங் கையை விட்டு இறங்கவில்லை.

எம்பிராய்டரி என்றதும் ரோஜாப்பூவும் கிளி ஜோடியும் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவுக்கு அச்சுக் காகிதம் வைத்து வரையத் தெரியாது. தையல்காரச் சுண்ணாம்புக் கட்டியால் நேராகத் துணியில் கோடு போடுவார். துணியும் காசுக்கு வாங்கியதில்லை. மார்க்கெட் கடையில் காலியாகும் மைதா மூட்டைகளின் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, அச்செழுத்துப் போகும்வரை ஊறவைத்துத் துவைத்து வைத்திருப்பார். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை, கொல்லைக் கதவருகே வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து தைப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. ஏன் என்று அப்போது யோசித்ததும் இல்லை.

ஆனால் இது சந்து தாண்டிப் போகாத ரகசியம். ஒருமுறை சட்டைப்பையில் மறந்து வைத்த பச்சை நூலைப் பார்த்துவிட்டு, மார்க்கெட் கூட்டாளிகள் ஒரு வாரம் அவரை விடவில்லை. "யோவ், இனிமே மூட்டைக்கெல்லாம் பூப் போட்டுத்தான் எறக்குவியா?" என்று கேட்டார்களாம். அதன் பிறகு நூல், ஊசி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. எனக்கும் அதில் வெட்கம் இருந்தது. கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியவன் நான். அவர் தூக்கிய மூட்டையையே மறைத்தவன், அவர் போட்ட தையலையா வெளியே சொல்லப்போகிறேன்?

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணின் கைவேலையைப் பரப்பி வைப்பது எங்கள் சந்து வழக்கம். தலையணை உறை, கைக்குட்டை, ஏசுநாதர் படத்துக்குக் கீழே தொங்கும் சிறு விரிப்பு என்று ஏதாவது கண்ணில் பட வேண்டும். அக்காவிடம் காட்ட ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவோ கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் என்று அத்தை சொல்லி வைத்திருந்தார். முதல் நாளே அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் பெரிய மேஜை விரிப்பை எடுத்தார். அக்கா வேண்டாம் என்றாள். "யார் தைச்சா என்ன? நம்ம வூட்ல தைச்சதுதானே" என்று சமாதானம் சொன்னவன் நான். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "பொண்ணுக்குன்னா எடுத்துக்கோ" என்றார்.

நான்கு மைதா மூட்டைத் துணிகளை இணைத்துச் செய்த விரிப்பு அது. முழுக்க மார்க்கெட். தராசுத் தட்டில் உட்கார்ந்த காக்கை, டயரில் காற்றுப் போன சைக்கிள், கூடையை இறக்கிவிட்டு முழங்காலைத் தடவும் மீன்காரப் பெண், மூட்டை மேல் வாயைப் பிளந்து தூங்கும் ஓர் ஆள். ஒரு மூலையில் எவ்வளவு துவைத்தும் போகாத மில் முத்திரையின் நீலம் இருந்தது. அப்பா அதன் மேல் நாலு அலையைப் போட்டுக் கடலாக்கிவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அந்த விரிப்பை வெகுநேரம் பார்த்தார். நல்ல உயரம், வெளிர் சேலை, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. பிறகு மேஜையிலிருந்து அதை உருவி மெல்லத் திருப்பினார். "முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் ஆண்டவருக்குன்னு எங்க மேர் சொல்லுவாங்க" என்றார். மடத்துத் தலைமைக் கன்னியரை அவர்கள் அப்படித்தான், பிரெஞ்சுக்காரர்கள் வழக்கில், மேர் என்று அழைப்பார்கள். மடத்துத் தையலில் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும். நூல் முனையை மற்ற நூல்களுக்கு அடியில் ஓட்டி மறைப்பார்களே தவிர, முடிச்சுப் போட மாட்டார்கள். அப்பா போட்டதோ ஒவ்வொரு நூலுக்கும் ஒரு முடிச்சு. தான் மூட்டைக்குப் போடும் அதே முடிச்சு, கடுகளவில். அந்த மாதிரித் தப்பை மூட்டை தைப்பவர் மட்டுமே செய்ய முடியும்.

மாப்பிள்ளையின் அம்மா கட்டைவிரலால் முடிச்சுகளை வருடினார். ஒன்றை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. கைப்பையிலிருந்து நூல் கோத்த ஊசி ஒன்றை எடுத்து, "இந்த முடிச்ச நான் பாத்ததே இல்லியே. ஒண்ணு போட்டுக் காட்டுமா" என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா ஊசியை வாங்கினாள். ஊசி போட வந்த நர்ஸ் போலப் பிடித்திருந்தாள். நூலை விரலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. அது நழுவி விழுந்தது. "பெரியவங்க முன்னால பயப்படுது" என்றார் அம்மா. அத்தை சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான், விரலுக்கு ஒன்றாகப் பாட்டில்களை இடுக்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். கடையில் இருந்ததே ஐந்துதான் என்று சொல்ல வாயெடுத்தவர் அக்காவின் கையைப் பார்த்தார். அவ்வளவுதான், மற்றதெல்லாம் அவருக்கு மறந்துபோனது. பாட்டில்களைத் தரையில் வைத்தார். "அப்படி இல்லம்மா. கட்டவெரல்ல சுத்து. வுட்டுட்டு உள்ளாற வாங்கு" என்று ஊசியை வாங்கி, அப்படியே தரையில் குந்தி, ஒரு சுழற்று, ஓர் இழுப்பு, பல்லால் ஒரு கடி. முடிந்தது.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளைதான், "இந்தத் தூங்குறவரு யாருங்க?" என்று விரிப்பைக் காட்டிக் கேட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது நம்ம கூட்டாளிங்க. ரெண்டு மூட்ட எறக்குனா மூணு மணி நேரம் தூங்குவான்" என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகே என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து, கையில் இருந்த ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்து நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பார்த்தார். "ஒனக்குத் தைக்கத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றாள் அக்கா. "பட்டன்கூட அப்பாதான் தைச்சித் தருவாரு."

அவர் விரிப்பை நான்காக மடித்து மேஜையில் வைத்தார். "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். எங்கள் சந்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். சோடாவை யாரும் உடைக்கவில்லை.

அன்று மாலை அப்பா பிஸ்கட் டப்பாவைப் பரண் மேல் ஏற்றினார். அம்மா திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சோடாப் பாட்டில்களை மட்டும் அலமாரியில் வரிசையாக வைத்து, யாரையும் தொடவிடவில்லை. கடைக்காரர் காலிப் பாட்டில் கேட்டுத் தினம் ஆள் அனுப்பினார். "இன்னும் குடிக்கல" என்று தினமும் அதே பதில். அப்பா மூன்று மணிக்குக் கொல்லைக் கதவருகே வந்து உட்கார்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போவார். அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் மூன்றிலிருந்து ஐந்து வரை சண்டை நடந்தது. பொய்க்கு வழி சொன்ன தப்பு என்னுடையது என்று அவரிடம் ஒப்புக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று எனக்கு. "நீ சொன்ன, நான் குடுத்தேன். போ, போயிப் படி" என்றார்.

ஏழாம் நாள் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். "எத்தன நாளைக்குப்பா சும்மா ஒக்காந்திருப்ப?" என்று மடியில் வைத்தாள்.

"என்னாலதானேம்மா போச்சி."

"நல்லதாப் போச்சி. அன்னிக்கு நீ வராம இருந்திருந்தா, ஜென்மம் பூரா நீ மூட்ட மூட்டயா தைச்சி அனுப்பணும், நான் தைச்சன்னு அங்க காட்டணும். முடியுமா ஒன்னால?"

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். தூங்குகிறவர் யார் என்று கேட்ட அந்த ஒரு கேள்வியை அவள் இரண்டு முறை எனக்குச் சொல்லிக் காட்டியிருந்தாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், கருவடிக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து சந்தில் நிற்கிறார். அம்மாவுக்குக் கை ஓடவில்லை. அவர் உள்ளே வந்து பையிலிருந்து ஒரு கைக்குட்டைத் துணியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அதில் நாற்பது ஐம்பது முடிச்சுகள், ஒன்றும் உருப்படியாக இல்லை. "ஒம்போது நாளா போட்டுப் பாக்குறேண்ணே. அவுந்து அவுந்து போவுது. இருவது வருசம் ஊசி புடிச்ச கை இது. தூக்கம் வரல."

அப்பா துணியை வாங்கிப் பார்த்து, "நீங்க மெல்ல இழுக்குறீங்க. மூட்டைய நெனச்சிகினு இழுங்க" என்றார்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "பொண்ணு விசயம்..." என்று இழுத்தார்.

"அது அன்னிக்கே முடிஞ்சி போச்சே! தெரியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சே, அந்தப் பொண்ண வுடுவனா நானு? பொய் சொன்னது நீங்க. அதுக்குத்தான் பத்து நாள் காக்க வச்சேன்" என்றார். பிறகு அலமாரியைப் பார்த்து, "இன்னுமா அந்தச் சோடா இருக்குது? ஒடைங்க" என்றார்.

நகையைப் பற்றி அம்மா பேசப் போனபோது, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று முடித்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாண விருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேஜைக்கு அப்பா கையால் ஒரு விரிப்பு. "ஆனா ஒண்ணுண்ணே. முடிச்ச பின்னால ஒளிக்காதீங்க. ஒண்ணாவது முன்பக்கம் இருக்கணும். யார் தைச்சதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

ஒன்றரை மாதம் தைத்தார் அப்பா. பிஸ்கட் டப்பாவை மூடி வைக்கவில்லை. விருந்தன்று மார்க்கெட் கூட்டாளிகள் மொத்தமாக வந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். தூங்குமூஞ்சிக் கூட்டாளி, அடுத்த மேஜையில் கிடந்த பழைய விரிப்பில் தன்னைக் கண்டுபிடித்து, "யோவ், நான் எப்பய்யா வாயத் தொறந்துகினு தூங்குனேன்?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பா முதல்முறையாகக் கூட்டத்தின் நடுவே நின்று, இதை நான் தைத்தேன் என்று சொன்னதை அன்று கேட்டேன். மறுவாரம் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், தொழில் என்ற இடத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, எழுதிக் கொடு என்றார்.

அந்தக் கல்யாண விரிப்பு இப்போது கருவடிக்குப்பத்தில், அக்கா வீட்டு மேஜை மேல் கிடக்கிறது. ஞாயிறுதோறும் அதன் மேல்தான் சாப்பிடுகிறோம். அலமாரியில் வரிசையாக நிற்கும் ஐந்து சோடாப் பாட்டில்களும், மூலையில் முன்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் சிவப்பு முடிச்சும் அதில் இருக்கின்றன. அக்காவின் மகள் அதை நெம்பிப் பார்க்காத நாளில்லை. அவிழ்ந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட அந்தச் சீருக்கு ஆன செலவை அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மைதா மூட்டைத் துணி, முதலாளி சும்மா கொடுத்தது. நூல் முப்பத்தொரு கண்டு, நூற்று இருபத்து நான்கு ரூபாய். ஊசி ஆறு ரூபாய். சோடாவையும் சேர்த்துக்கொள் என்றார். அது பதினைந்து. ஆக மொத்தம் நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.