குலுக்கல் மேடம்

பிஸ்கட் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்குகிறார். உள்ளே எண் எழுதிய சட்டைப் பொத்தான்கள். சத்தம் மனசுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் குலுக்குகிறார். எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு, சோதனையை எப்படித் திட்டமிடுவது என்று பத்தொன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறார். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர், எந்தக் கூண்டு எங்கே என்பதையெல்லாம் பொத்தான்தான் சொல்ல வேண்டும், மனிதக் கை சொல்லக் கூடாது. பாடத்தின் சாரம் இவ்வளவே. அதனால் நிறுவனத்தில் அவர் குலுக்கல் மேடம்.

"கையை விட்டதும் முதல்ல மாட்டுற எலி எது? ஓடத் தெம்பில்லாதது. அதுக்கெல்லாம் மருந்து குடுத்துட்டு, மருந்து சரியில்லன்னு எழுதுவீங்க. எலி என்னப்பா பண்ணும்?"

வகுப்பு சிரிக்கும். பரீட்சையில் எல்லோரும் தேறிவிடுவார்கள். வீட்டில் தங்கையின் கேலி வேறு: "பாத்திரம் யார் கழுவுறதுன்னும் குலுக்கிடலாமாக்கா?" குலுக்குவார். தம் எண் வந்தால் முணுமுணுக்காமல் கழுவுவார்.

சிறந்த ஆசிரியர் என்று சொல்லமாட்டேன். குரல் ஏறி இறங்காது. கரும்பலகையில் எழுத்து சாயும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, கை செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவே இத்தனை காலம் நின்று களைத்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை பழைய மாணவர் ஒருவர் அவரை விலங்கு அறைக்கு அழைத்தார். அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் நானும் கூடப் போனேன். அந்த மாணவர் மேடத்தின் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர். பயத்தைத் தணிக்கும் மருந்து, அறுபது வெள்ளெலிகள். மறுநாள் காலை அவற்றைக் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

"மருந்து நல்லா கேக்குது மேடம். மேல் தட்டுல ஒண்ணாவது துள்ளுதா பாருங்க! எல்லாம் சாதுவா ஒடுங்கிக் கிடக்கு."

மேல் தட்டில் ஆறு கூண்டு, அத்தனையும் மருந்து. கீழ்த் தட்டில் ஆறு, அத்தனையும் தண்ணீர். மேல் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் குழல்விளக்கு எரிந்தது. கீழே நிழல்.

"குலுக்கலையா தம்பி?"

"எலிக்குக் குலுக்கினேன் மேடம், சத்தியமா. கூண்டை மட்டும் சேர்த்து வச்சுட்டேன். மருந்து ஊத்த வசதியா இருக்கும்ல?"

அவர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். வெளிச்சத்துக்கு ஒடுங்கியவையா, மருந்துக்கு ஒடுங்கியவையா, இனி எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பேசாமலிருந்தால் இந்த அறுபதும் ஒரு பொய்க்காகச் சாகும். சொன்னால், இதே வேலைக்கு இன்னோர் அறுபது வரும்.

"இது செல்லாது தம்பி," என்றார். காரணத்தையும் சொன்னார்.

மாணவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம்கூட வாடவில்லை. "அப்ப புதுசா அறுபதுக்கு எழுதிப் போட்டுடறேன் மேடம். இதுங்களை நாளைக்கு முடிச்சிடலாம். இடம் வேணும்ல?"

 மேடம் தம் வெள்ளை மேலங்கியைக் கழற்றி, வெளிச்சம் படாதபடி மேல் தட்டுக் கூண்டுகளின்மேல் விரித்து, சுருக்கம் போக இழுத்துவிட்டார். கடைசிக் கூண்டுக்குத் துணி எட்டவில்லை. கக்கத்தில் இருந்த பாடக்குறிப்பு ஃபைலை எடுத்து, நடுவில் பிரித்து, அந்தக் கூண்டின்மேல் கூரைபோலக் கவிழ்த்து வைத்தார்.