பக்கெட்டில் இருந்த விரால்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். அப்போது அப்பா வீச்சு வலையை எடுத்துக்கொண்டு கழுவேலி ஏரிக்குப் போவார். அவருடைய டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மீன் போடும் பறியை மடியில் வைத்துக்கொண்டு போவது நான். ஓலையில் பின்னிய அந்தப் பறியை வேறு யார் தொட்டாலும் எனக்குப் பிடிக்காது. முள் குத்தாமல் கெளுத்தியை வலையிலிருந்து எடுக்க அப்பா எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார்.

எனக்குப் பத்து வயதானபோது, அரையாண்டு லீவில், சித்தப்பா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். சித்தப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். சித்திக்கு உடம்பு சரியில்லை, வானூரில் தன் அம்மா வீட்டில் படுத்திருக்கிறாள், குணமாகும்வரை இவள் இங்கேதான் என்றார்கள். வந்த மறுநாள் காலையில் அப்பா பறியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நான் ஓடிப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ தம்பியப் பாத்துக்கோ. அம்மாவுக்கு வேல இருக்குது" என்றார்.

அவள் என் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தினமும் இதே கதைதான். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். என்னைக் கூட்டிப்போன காலத்தில் மதியச் சோற்றுக்கே திரும்பிவிடுவார். இவளுக்கு வழியில் ஓட்டலில் தோசை. வந்ததும் அவள் அளப்பாள். பெரியப்பா வலை வீசக் கற்றுத்தருகிறாராம், நேற்று அவள் வீசியதில் நாலு கெண்டை விழுந்ததாம். நான் எத்தனையோ தடவை கேட்டபோதெல்லாம், கை வலிக்கும், பெரியவளானதும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர் அப்பா. அவள் கை மட்டும் இரும்பா?

எனக்குக் கிடைத்தது மூக்கொழுகும் தம்பி. அதோடு, தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அடுப்படியில் அம்மாவோடு குசுகுசுவென்று பேசினார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் அந்தப் பொண்ணு என்றாள். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு இவ்வளவு பாவமா என்று எனக்கு எரிந்தது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எவளும் எட்டிப் பார்க்கவில்லை.

இவ்வளவு மீன் பிடித்தும் வீட்டில் மீன் குழம்பு இல்லை. கத்திரிக்காய், முருங்கைக்கீரை, மறுபடியும் கத்திரிக்காய். ஒரு சாயங்காலம் தெருமுனையில் நின்று பார்த்தேன். அப்பா வண்டியை நிறுத்தி, பறியில் இருந்ததையெல்லாம் போண்டா கடைக்காரியின் கூடையில் கொட்டினார். அவள் காசு நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் மீன் குடுக்குற. எங்களுக்கு ஏம்பா இல்ல?"

அம்மாதான் பதில் சொன்னாள். "வாய மூடிக்கினு துன்றதுன்னா துன்னு. இல்லாட்டி எழுந்து போ."

சித்தப்பா மகள் குறுக்கே வந்தாள். "பெரியப்பா, ஒரு விரால மட்டும் உயிரோட வெச்சிக்கலாமா? எங்கப்பா பொங்கலுக்கு வர்றாரு. வறுத்துக் குடுக்கலாம்."

அப்பா சரி என்று தலையாட்டினார். நான் கேட்டால் திட்டு, அவள் கேட்டால் விரால்.

மறுநாளே முழங்கை நீளத்தில் ஒன்று வந்தது. பின்பக்கம் நீலப் பக்கெட்டில் அது கிடந்தது. துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் கல். அவள் தண்ணீர் மாற்றுவாள், சோற்றுப் பருக்கை போடுவாள். நான் கிட்டே போனால், "தொடாதக்கா, அது எங்கப்பாவுது" என்பாள். மீனைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும், போன் போட்டுக் கொடுங்கள் என்று அப்பாவை நச்சரித்தாள். அங்கே டவர் கிடைக்கவில்லை என்று அப்பா சொன்னார். துபாயிலேயே டவர் இல்லையா என்று நான் சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே சித்தப்பா செத்துப்போயிருந்தார். சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவரும் வேலை இழுத்துக்கொண்டிருந்தது. அது வரும்வரை பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கண்ணில் அவள் படக்கூடாது என்றுதான் அப்பா அவளை நாள் முழுக்க ஏரியிலேயே வைத்திருந்தார். சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை கவுச்சி சமைக்க மாட்டார்கள். அதனால்தான் கத்திரிக்காய். தெருவுக்கே தெரிந்திருந்தது. போண்டா கடைக்காரிக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லவில்லை. உளறிவிடுவேனாம். அதற்காக இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஒரு நாள் விடிந்ததும் அம்மா பக்கெட்டைக் காட்டி, "இத மொதல்ல எடுத்துக்கினு போங்க. வீட்ல வேணாம்" என்றாள். சித்தப்பா மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"வா. புடிச்சிக்க ஆள் வேணும்."

பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். தண்ணீர் தளும்பிப் பாவாடை நனைந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஏரிக்கரையில் அப்பா பக்கெட்டைச் சாய்த்தார். விரால் சேற்றில் ஒரு புரள் புரண்டு உள்ளே போய்விட்டது. மற்ற மீன்களைப்போல அதையும் கடைக்காரிக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. குனிந்து முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவள்மேல் அப்பாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது, அதனால்தான் மீனை விட்டுவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன்.

திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்தேன். சித்தப்பா மகள் தலை கலைந்து வாசலில் நின்றிருந்தாள். காலிப் பக்கெட்டைப் பார்த்தாள். மீன் போய்விட்டது என்பதை முதலில் சொல்வதா, அப்பா என்னைத்தான் கூட்டிப்போனார் என்பதை முதலில் சொல்வதா என்று யோசித்தபடியே வண்டியிலிருந்து குதித்தேன்.