மேல் அறைக்கு மட்டும்

மின்வாரியம் மாதத்தில் ஒருநாள் பராமரிப்புப் பணிக்கென்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துமே, அந்த நாளில் முனிலட்சுமி அக்கா மாடி அறைக்குப் போய் இன்வெர்ட்டர் பேட்டரியில் மின்விசிறியைச் சுழலவிட்டு, விளக்கையும் போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து, சமையலறை வாசலில் முறத்தால் விசிறிக்கொண்டு உட்காருவார். மாடி அறையில் ஆள் கிடையாது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, தண்ணீர் டம்ளரில் நாலு ரோஜா, அவ்வளவுதான். மத்தியானம் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் ஏறிப்போய் அண்ணாந்து பார்ப்பார். "ஆய்த்து. இன்னிக்கும் நிக்கவே இல்ல" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்துக்கொண்டு இறங்குவார். இறங்கும்போது அவர் முகமெல்லாம் வியர்த்திருக்கும்.

கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூரில் அவர் வீட்டுப் பின்பகுதியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பாதி நாள் பகலில் தூங்க வேண்டியவன். கோடையில் கரண்ட் இல்லாத பகலில் எப்படித் தூங்குவது என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அக்கா, ஆளில்லாத ரூம்ல ஓடுற காத்துல எனக்கும் கொஞ்சம் பங்கு குடுக்கக்கூடாதா? ஒரே ஒரு வயர்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என்னோடதா இருந்தா குடுப்பேன் தம்பி. அது ரூபாவோடது" என்றார். பிறகு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ரூபா அவருடைய ஒரே மகள். கணவன் ஹரீஷ்குமாரோடு பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியேதான். பாகலூருக்கும் மாரத்தஹள்ளிக்கும் காரில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் பண்டிகைக்கு வந்தால் இலையை எடுப்பதற்குள் கார் சாவியைத் தேடுவாள். "ஊட்ல இருந்து செய்யற வேலதானே தம்பி. எந்த ஊடா இருந்தா என்னா, எங்கூட்ல வந்து செய்யட்டுமே" என்பது அக்காவின் கட்சி. எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அக்காவின் பிழைப்பு ரோஜாவோடு. ஊருக்கு வெளியே பசுமைக்குடில்கள் இருக்கின்றன. அங்கே பூவைத் தரம் பிரித்துக் கட்டும் ஷெட்டில் பெண்களை மேய்ப்பவர் இவர். தண்டின் நீளம் பார்த்து அடுக்கி, அட்டையில் சுற்றி, குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். ஒருத்தியைத் தெலுங்கில் திட்டுவார், இன்னொருத்தியைக் கன்னடத்தில் கொஞ்சுவார், லோடு வண்டிக்காரரிடம் தமிழில் சண்டை பிடிப்பார். விரல்களில் முள் கீறாத இடமில்லை. தண்டு குட்டை என்று கழித்துப்போட்ட பூக்கள்தான் மாடி அறை டம்ளருக்கு வருகின்றன. அந்தக் குளிர் அறையில் கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். "பூவுக்குக்கூட நிக்காம பாத்துக்கறாங்கோ. எம்பொண்ணு வந்தாத்தான் நிக்குது" என்று அதைச் சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பார்.

நின்றது உண்மை. போன கோடைக்கு முந்தின கோடையில் ரூபா ஒரு வாரம் தங்குவதாக லேப்டாப்போடு வந்தாள். அப்போது இருந்தது பழைய இன்வெர்ட்டர், தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெரிய பேட்டரி. அதற்கென்று கடையில் தனித் தண்ணீர் விற்கிறார்கள். அக்காவோ, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் குடிக்கும் கேன் தண்ணீரையே மாதாமாதம் ஊற்றி வந்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூபா எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. வைஃபை செத்தது. செல்போனில் நெட்டைப் பிடிக்கலாமென்றால் அது கர்நாடகா டவருக்கும் தமிழ்நாடு டவருக்கும் நடுவே அல்லாடியது. "மானமே போச்சும்மா" என்று அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு போனவள், அப்புறம் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை.

"நாந்தான் கேன் தண்ணி ஊத்திக் கெடுத்தேன்" என்று அக்கா என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். பேட்டரி கெட்டதைச் சொல்வதுபோல இருக்காது அது.

அதன்பிறகு போனில் அழைக்கும்போதெல்லாம் ரூபா ஏதாவது சொல்வாள். மீட்டிங்கில் பின்னாடி காலண்டர் தெரிகிறது என்றாள். அக்கா காலண்டரைக் கழற்றி, சுவருக்கு வெளிர் நீலத்தில் வண்ணம் அடித்தார். சேவல் கூவுவது எல்லாருக்கும் கேட்கிறது என்றாள். சேவல் அந்த ஞாயிற்றுக்கிழமையே குழம்பாயிற்று. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. முதுகு வலிக்கிறது என்றாள். ஓசூரிலிருந்து சுழல் நாற்காலி ஆட்டோவில் வந்து இறங்கியது. "வரமாட்டேன்னு அவ சொல்லல தம்பி. கரண்ட்டுதான் வுடமாட்டேங்குது" என்றார் கடைசியில். பெத்த மனம் பித்து என்பார்கள். இந்தப் பித்து சீட்டு எடுத்து லித்தியம் பேட்டரி வாங்கப் போனது.

மாட்ட வந்தவர் ஓசூர்க் கடைக்காரர் ஆனந்தராஜ். மாடிப்படிக்கு அடியில் சுவரோடு பெட்டியைப் பொருத்தினார். "இதுக்குத் தண்ணி ஊத்தற வேலையே இல்லீங்கா" என்றதும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கொஞ்சங்கூட வேணாமா?" என்று மூடியைத் தேடினார். மூடியே இல்லையென்று தெரிந்தபின்தான் மூச்சு விட்டார்.

"ஹால் ஃபேன், கிச்சன் லைட்டு, பின்னாடி இவரு ஊட்டு ஃபேன், எல்லாம் சேத்துக்கலாங்கா. தாராளமா தாங்கும்."

"வேணாம் சாமி. மேல ரூம்பும் வைஃபையும் மட்டும் போடு."

"ஏங்கா, நீங்க வேர்வையில கெடக்கறதுக்கா இவ்வளவு பெரிய பேட்டரி?"

"எல்லாரும் எடுத்தா கொறையுமில்ல? அவ பேசறப்போ நின்னுபோனா?"

ஆனந்தராஜ் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அக்காவின் கணவர் திம்மப்பன் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். பாதி மாதம் புனே ரோட்டில் இருப்பார். ஊர் திரும்பியவர் முறமும் கையுமாக இருந்த மனைவியைப் பார்த்து, "கையில வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலையறவ இவ ஒருத்திதான்" என்றார். அக்கா அவருக்கும் அந்த லைனிலிருந்து காற்று தரவில்லை. பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ரோஜாவைச் செருகினார்.

ரூபா வரவில்லை. "பாக்கலாம்மா", "அடுத்த மாசம்மா" என்றே ஓடியது. மாதம் தவறாமல் அக்கா விசிறியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. கரண்டும் சரியாகிவிட்ட பிறகு இவர் எதன்மேல் பழியைப் போடுவார்? மகள் வர விரும்பவில்லை என்ற ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இந்தச் சித்திரையில் அவள் வந்தாள். மாரத்தஹள்ளி வீட்டுக்கு மேல்வீட்டில் தரையை உடைத்து வேலை நடக்கிறதாம். துளைபோடும் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியவில்லையாம். ஒரு பகல் மட்டும் அங்கே வந்து வேலை செய்யட்டுமா என்று அவளே போன் செய்தாள். அன்றைக்குப் பார்த்துப் பாகலூரில் மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம். அக்கா அதை மறைக்கவில்லை. "கரண்ட்டு இருக்காதுடி. இருந்தாலும் நீ வா, வந்து பாரு" என்றார். ஷெட்டுக்கு லீவு சொன்னார். என்னிடம் வந்து, "எதுக்கு வந்தா என்னா தம்பி, வர்றாளே" என்றார். அவள் வரும்வரை இரண்டு நாளும் அவர் காலில் சக்கரம் கட்டியிருந்தது.

காலையில் கார் வந்து நின்றது. ரூபா பாதிக் காப்பி குடித்தாள், "ஆஃபீஸ் கால் இருக்கும்மா" என்று மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் கரண்ட் போனது. மேலே விசிறி ஒரு கணம்கூட மூச்சு வாங்கவில்லை. படிக்குக் கீழே நின்றிருந்த அக்கா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குமே கைதட்டத் தோன்றியது.

அப்புறம் படியிலேயே உட்கார்ந்தார். என் வீட்டு வாசல் அந்தப் படிக்கு எதிரே. புழுக்கத்துக்கு நானும் வாசலில்தான் கிடந்தேன்.

"பேசறது கேக்குது பாரு தம்பி" என்று கிசுகிசுத்தார். "இங்கிலீசு. இன்னா பேசறான்னு புரியல. சிரிச்சா மட்டும் புரியுது."

மத்தியானத்துக்குக் களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தார். "ஹெவியா இருக்கும்மா, தூக்கம் வரும். தயிர் சாதம் போதும். இங்கயே குடுத்துடு" என்று மேலிருந்து பதில் வந்தது. தட்டோடு ஏறினார், வெறுங்கையோடு இறங்கினார். இன்னொருமுறை காப்பி கொண்டுபோனபோது ரூபா திரும்பாமலே ஒரு கையை உயர்த்திச் சத்தம் வேண்டாமென்று காட்டினாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா தன் கையையும் அதேபோல உயர்த்திக் காட்டினார்.

"சர்ஜாபூர் ரோட்டுல டிராபிக் சேர்றதுக்கு முன்ன அவ கெளம்பணுமாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்லாத்தான் வேல செய்யுது பேட்டரி. காலையிலேர்ந்து ஒரு தடவகூட அவ வெளிய வரவே வேண்டியிருக்கல" என்றார். ஊரே புழுங்கிய அந்த வெயிலில் அவர் முகம் வாடிக்கிடந்தது. இத்தனை மாதம் காலி அறைக்காக ஏங்கியவர், இப்போது ஆள் இருக்கும் அறையைப் பார்த்து அதைவிட அதிகமாக ஏங்கினார்.

வெயில் சாயத் தொடங்கியது. மேலே "பை, பை" என்று குரல் கேட்டு அடங்கியது. பிறகு தட்டச்சுச் சத்தம் மட்டும். அக்கா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். யாரும் பேசவில்லை என்று உறுதியானதும் எழுந்தார். படிக்கு அடியில் குனிந்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முள் கீறிய அந்த விரலை வைத்துச் சுவிட்சை அமுக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. மேலே விசிறி மெதுவாகி, மெதுவாகி நின்றது.

நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"அம்மா! என்னாச்சும்மா? பேட்டரி போயிடுச்சா?"

"தெரியலியேடி. சூடாயிடுச்சோ என்னமோ. கொஞ்ச நேரம் ஆறட்டும், தானா வந்துரும். மேல புழுங்கும், நீ கீழ வா."

ரூபா இறங்கி வரும் காலடி கேட்டது. அக்கா படியில் உட்கார்ந்து ஓரமாக நகர்ந்துகொண்டு, பக்கத்தில் காலியான இடத்தை முந்தானையால் துடைத்தார்.