நான் நீக்கிய வரி

கூறியது கூறல் குற்றம் என்று பயின்றவன் நான். ஒரு பத்தியில் ஒரே சொல் இருமுறை வந்தால் கண்ணை உறுத்தும். தரவுகளைக் கொண்டு செய்தி எழுதும் தொழிலுக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் உடன் வந்தது. நான் எழுதிய கணினி நிரல்கள் எல்லாவற்றிலும் முதற்கட்டளை ஒன்றுதான்: ஒன்றுபோல் உள்ள வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழி.

ஒரகடத்தைச் சுற்றியுள்ள உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரங்களில் விரல் இழந்தவர்களின் பட்டியலையும் அப்படித்தான் செப்பனிட்டேன். ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்துகள் ஆட்களை இறக்கிவிடும் நிறுத்தங்களில் நின்று, பல மாதம் கேட்டுச் சேர்த்த பட்டியல் அது. வேலை போய்விடும் என்று அஞ்சியவர்களிடம் பெயர் கேட்கவில்லை. வயது, தொழிற்சாலை, நாள், இயந்திர எண், இழந்த விரல் ஆகியவை போதும் என்றிருந்தேன். அட்டவணையோடு கட்டுரை வெளிவந்தது. நடை தெளிவாக இருப்பதாகச் சிலர் பாராட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்துப் பென்னலூரிலிருந்து ஒருத்தி அழைத்தாள். எனக்குத் தகவல் தந்தவர்களில் ஒருத்தி, ஒப்பந்தத் தொழிலாளி, வயது இருபத்திரண்டு. நேரில் வரச் சொன்னாள். போனேன். வாடகை அறையின் வாசலில் நின்று, இடக்கையால் கைப்பேசித் திரையைத் தள்ளி என் அட்டவணையைக் காட்டினாள்.

“இதுல நான் எங்க சார் கீறேன்?”

அவளுக்குக் காயம்பட்ட நாளின் வரியைத் தொட்டுக் காட்டினேன். வயது, இயந்திரம், வலக்கை ஆள்காட்டி விரல், எல்லாமே பொருந்தின.

“அது அவ சார், என் ரூம்ல இருந்தவ. காலை ஷிப்ட்டுல அவளுக்குப் போச்சு. ரத்தத்தைத் தொடச்சுட்டு மத்தியானம் அதே மிஷின்ல என்னை நிக்க வச்சாங்க.” கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள். “ஒரே வெரலுன்னு ஒண்ணா எண்ணிட்டீங்களா?”

ஷிப்டை நான் கேட்டிருக்கவில்லை. மூலப் பதிவேட்டில் இரு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. விரலைப் பறித்த இயந்திரத்தை அன்றே மீண்டும் ஓட்டினார்கள் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே சான்றை நானே அழித்திருந்தேன்.

அவள் அழைத்தது அதற்காக அன்று. அவள் இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனுவின் விசாரணையில், விரல் வீட்டுக் கதவில் நசுங்கியதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. ஆதாரமாக என் அட்டவணையின் அச்சுப்படியை வைத்திருந்தது. அன்று அந்த இயந்திரத்தில் ஒருவருக்கே காயம் என்றது அந்தத் தாள்.

அன்றே திருத்தம் வெளியிட்டேன். விசாரணை நாளில் மூலப் பதிவேட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் இரு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தியே இருமுறை சொன்னதாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். என்னிடம் பெயர் இல்லை. அறைத்தோழி வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தாள். அவள் தொலைபேசி எண்ணும் இப்போது பயன்பாட்டில் இல்லை.

“இன்னா சார் சொன்னாரு?” என்றாள், வெளியே காத்திருந்தவள்.

ஏற்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். ஆதாரம் போதவில்லையாம் என்றேன். அவள் வரியை நான் எதற்காக அழித்தேனோ, அதே காரணத்தைத்தான் அவரும் சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.