இரண்டு தராசும் ஒரு பிள்ளையும்

வெள்ளறடை போகும் வழியில் ஆட்டோ பஞ்சராகிறது. தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன். உள்ளே சண்டை.

வீடு கேரளத்தில்; ஆனால் பிள்ளையின் தாய் ஷீபா பிரசவத்துக்குப் போயிருந்தது எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டிலுள்ள தாய்வீட்டுக்கு. அதனால் தமிழ்நாட்டு நர்சம்மா ரப்பர் தோட்டத்தைக் கடந்து பிள்ளையை நிறுக்க வந்திருக்கிறார். வீடுவீடாக வரும் கேரளத்துச் சுகாதாரப் பணியாளரான ஆஷா பணியாளரும் தன் தராசோடு அதே நேரம் வந்துவிட்டார். நர்சம்மாவின் தராசில் பிள்ளை ஐம்பது கிராம் கூடுதல்.

“உங்க தராசு பழசாக்கும்,” என்கிறார் ஆஷா பணியாளர்.

“நான் நிறுத்த பெறகுல்லா பிள்ள மூத்திரம் பெய்துச்சு!” நர்சம்மா நனைந்த சேலையைக் காட்டுகிறார்.

எடை குறைவாகப் பிறந்த பிள்ளை. ஷீபாவின் முகம் வெளிறிக் கிடக்கிறது.

“போன வாரத்தவிட எப்படி?” என்று நான் கேட்கிறேன்.

இருவரும் ஒரே குரலில், “அது நல்லா கூடியிருக்கு!”

ஷீபா மூச்சை விட்டுச் சிரிக்கிறாள். “அத மொதல்ல சொல்லப்பிடாதா? காலத்தேருந்து பயத்துல நான் ஒண்ணும் தின்னல்ல. ஒரு சாயாவாவது தருவியளா?”

இருவரும் பதறி அடுக்களைக்கு ஓடுகிறார்கள். பால் கொடுக்கிறவளுக்குச் சாயாவில் எவ்வளவு சீனி என்று அங்கே அடுத்த சண்டை தொடங்குகிறது.